கேள்விக்குறியோடு வந்த கட்டுரை

களுவாஞ்சிக்குடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கிளைபோசேட் களைகொல்லியால்தான் சிறுநீரகம் பழுதாகிறது என்று சர்வதேச ஆய்விதழிலேயே வந்ததே! நிபுணர்கள் பார்த்துத்தானே போட்டிருப்பார்கள்? பிறகேன் 2015இல் போட்ட தடையை 2022இல் எடுத்தார்கள்?" படுவான்கரையில் வயல் செய்கிறவருக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல.

நிபுணர்கள் பார்த்தது உண்மைதான். எதைப் பார்த்தார்கள்?

வடமத்திய மாகாண விவசாயிகளை 1990களிலிருந்து வாட்டும், காரணம் தெரியாத சிறுநீரக நோய் பற்றி ரஜரட்டப் பல்கலைக்கழகத்தின் சன்ன ஜயசுமனவும் சகாக்களும் 2014 பெப்ரவரியில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கிளைபோசேட் உலோகங்களை இறுகப் பற்றும் இரசாயனம். கிணற்றின் வன்னீரோடும் ஆசனிக் போன்ற நஞ்சுகளோடும் கூடி அது சிறுநீரகம் வரை போகலாம் என்றார்கள். கெட்டிக்கார யோசனை! ஆனால் நோயாளிகளின் சிறுநீரில் கிளைபோசேட்டை அளந்து காட்டிய கட்டுரையல்ல அது. கருதுகோள் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். தலைப்பும் கேள்விக்குறியோடுதான் முடிந்தது. அடுத்த மாதமே தடை பற்றிய அறிவிப்பு வந்துவிட்டது.

நிபுணர்கள் இப்படிப் பார்ப்பதற்குச் சக மதிப்பாய்வு என்று பெயர். அது எப்படி நடக்கிறது? பெரும்போக அறுவடைக்கு வரும் நெல் முதலாளியைப் பாருங்கள். மூட்டையில் குத்தி ஒரு கைப்பிடி எடுப்பார், சப்பி எவ்வளவு என்று ஊதுவார், ஒரு மணியைக் கடித்து ஈரம் பார்ப்பார். வயலுக்குப் போகமாட்டார், மறுபடி விதைத்தும் பார்க்கமாட்டார். மதிப்பாய்வாளரும் அப்படித்தான்: பரிசோதனையைத் திரும்பச் செய்யாமல், எழுதியிருப்பதிலிருந்து முடிவு நியாயமாக வருகிறதா என்று பார்க்கிறார். அதுவும் பெரும்பாலும் கூலியில்லாமல்! 2014இல் மூட்டைக்குள் நெல்லே இல்லை. 'இந்த விதை முளைக்கலாம்' என்று ஒரு கடிதம் இருந்தது. கடிதம் ஒழுங்காக இருக்கிறது என்று முதலாளி தலையாட்டினார். நாங்கள் அதற்கு உலை வைத்துவிட்டோம்.

கைப்பிடிச் சோதனையும் அவ்வளவு நம்பகமானதல்ல. பிரித்தானிய மருத்துவ இதழ் ஒன்று, ஒரு கட்டுரையில் வேண்டுமென்றே எட்டுக் குறைகளைப் புகுத்தித் தன் மதிப்பாய்வாளர்கள் 420 பேருக்கு அனுப்பியது. பதில் அனுப்பிய 221 பேர் சராசரியாகக் கண்டுபிடித்தவை இரண்டே. 1998இல் வெளியான முடிவு இது.

இந்தச் சோதனை தொடக்கத்திலிருந்தே எல்லா இதழ்களிலும் கட்டாயமாக இருந்ததும் அல்ல: முதல் அறிவியல் இதழ்களில் ஒன்று 1665இல் இலண்டனில் தொடங்கியது. ஆனால் 'நேச்சர்' இதழ் மதிப்பாய்வைக் கட்டாயமாக்கியது 1973இல்தான். தன் கட்டுரையைக் கேட்காமல் இன்னொருவருக்குக் காட்டினார்கள் என்று 1936இல் ஐன்ஸ்டைன் கோபித்துக்கொண்டு அதைத் திரும்பப் பெற்றார். அந்த மதிப்பாய்வாளர் சொன்ன பிழை உண்மையாகவே இருந்தது.

ஆகவே மதிப்பாய்வு வீண் அல்ல. ஆனால் கடுமையான பரிசோதனை அச்சேறிய பிறகுதான் தொடங்குகிறது: வேறு குழு, வேறு ஊர், வேறு கிணறு. ஜயசுமன குழு பின்னர் அளந்தும் எழுதியது. மற்றவர்கள் அதையும் கேள்வி கேட்டார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்ந்தது. நோயின் காரணம் இன்னும் முடிவாகவில்லை.

இனி 'ஆய்வில் நிரூபணம்' என்ற தலைப்பைக் கண்டால், யாரை அளந்தார்கள், வேறு எவராவது அளந்தார்களா என்று கேளுங்கள். எங்கள் பத்திரிகையில் வந்தாலும் கேளுங்கள்.