கறுப்பு வெள்ளையில் ஒரு காடு

விமானத்திலிருந்து எடுத்த பழைய படங்கள் குண்டலுபேட்டை போன்ற ஊர்களுக்கு முக்கியமான சாட்சி. அந்தச் சாட்சியின் ஆயுள், இருட்டறையில் படச்சுருளைக் கழுவியவரின் பொறுமையில் இருக்கிறது.

மைசூரிலிருந்து ஊட்டிக்குச் செல்லும் சாலை குண்டலுபேட்டையில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை பந்திப்பூர், முதுமலை வழியாக நீலகிரிக்கு ஏறுகிறது. இன்னொன்று முத்தங்கா வழியாக வயநாட்டுக்குப் போகிறது. இரண்டும் காட்டை ஊடுருவித்தான் சென்றாக வேண்டும். விலங்குகள் அடிபடுவதைத் தடுக்க, 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை அந்தக் காட்டுப் பாதைகளில் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது.

ஊருக்குத் தென்மேற்கே ஹிமவத் கோபாலசுவாமி மலை. உயரம் 1,454 மீட்டர். உச்சியில் உள்ள கோயிலின் அருகே நின்று கீழே பார்த்தால் ஒரு விஷயம் உடனே கண்ணில் படும். ஒரு பக்கம் அடர்ந்த காடு. மறுபக்கம் சதுரம் சதுரமாக வயல்கள். நடுவே கோடு கிழித்தது போல எல்லை.

அந்தக் கோடு எப்போதும் அங்கேதான் இருந்ததா? ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் காடு எங்கே முடிந்தது, உழவு எங்கே தொடங்கியது? யானைகள் இறங்கி வந்த பள்ளத்தில் அப்போது வீடுகள் இருந்தனவா? பெரியவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். காகிதப் பதிவேடுகள் எல்லையைச் சொல்லும். எல்லைக்குள் நின்ற மரங்களைச் சொல்லாது. இந்தக் கேள்விகளுக்கு யார் பக்கமும் சாயாமல் பதில் சொல்லக்கூடிய ஒரு சாட்சி உண்டு. அது விமானத்தின் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளை நெகடிவ்.

வரைபடத்துக்குப் பின்னால்

இந்திய நில அளவைத் துறையின் வரைபட வரிசையில் குண்டலுபேட்டைக்கு 58 ஏ/9 என்று பெயர். ஊட்டி, அதற்கு இரண்டு தாள்கள் தெற்கே, 58 ஏ/11. ஒரு சென்டிமீட்டரில் அரை கிலோமீட்டரைக் காட்டும் இந்த வரிசையை, நாடு முழுவதும் கால்நடையாக நடந்து மட்டுமே வரைந்துவிடவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த வரைபடங்களில் பெரும்பகுதி விமானப் படங்களைக் கொண்டு தயாரானவை. 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகு மைசூர்ச் சீமையை அளந்த காலின் மெக்கன்சியின் ஆட்கள் சங்கிலியும் கோணமானியுமாகப் பல ஆண்டுகள் அலைந்தார்கள். விமானம் அத்தகைய நிலப்பரப்பைச் சில நாட்களில் படமாக்கிவிடும்.

காடுகளை வானிலிருந்து படமெடுக்கும் வழக்கமும் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1924-லேயே பர்மாவின் ஐராவதி முகத்துவாரக் காடுகள் அப்படிப் படமாக்கப்பட்டன. 1965-இல் ஐ.நா. உதவியுடன் தொடங்கிய வனவள முன்முதலீட்டு ஆய்வு விமானப் படங்களை நம்பியே வேலை செய்தது. பிறகு 1981-இல் அதுவே இந்திய வன அளவை நிறுவனமாக மாறியது. இத்தகைய படங்களைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதற்கென்றே 1966-இல் டேராடூனில் நெதர்லாந்தின் உதவியோடு ஒரு பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது.

ஒரு படம், இருபது சதுர கிலோமீட்டர்

இந்த வேலைக்கான படச்சுருள் சாதாரணக் காமிராவில் போடுவது அல்ல. அகலம் சுமார் 24 சென்டிமீட்டர். ஒவ்வொரு படமும் 23-க்கு 23 சென்டிமீட்டர். பெரும்பாலான காமிராக்களின் லென்ஸ் குவியத் தூரம் 152 மில்லிமீட்டர். தரையிலிருந்து 3,000 மீட்டர் உயரத்தில் விமானம் பறந்தால், ஏறத்தாழ 1-க்கு 20,000 என்ற அளவில் படம் விழும். அதாவது ஒரே நெகடிவில் பக்கத்துக்கு நாலரை கிலோமீட்டர், இருபது சதுர கிலோமீட்டருக்கு மேல் நிலம்.

ஆனால் நிலம் சமதளமாக இருப்பதில்லை. குண்டலுபேட்டைச் சமவெளி கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரம். கோபாலசுவாமி மலை அதைவிட 650 மீட்டர் கூடுதல். ஆகவே அதே விமானம் மலை உச்சிக்கு மேல் பறக்கும்போது அளவு 1-க்கு 15,500 ஆகிவிடும். வயலையும் மலையையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது. இதைச் சரிசெய்யத்தான் அடுத்தடுத்த படங்கள் அறுபது சதவீதம் ஒன்றின் மேல் ஒன்று படியும்படி எடுக்கப்படுகின்றன. அடுத்தடுத்த இரண்டு படங்களை ஸ்டீரியோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் மலை எழுந்து நிற்கும்; பள்ளம் இறங்கும்; மரத்தின் உயரத்தைக்கூட அளக்கலாம்.

பறப்பதற்கு நாள் கிடைப்பதே பெரும்பாடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதியில் மழைக்காலம் முழுவதும் மேகம். மேகம் விலகிய பிறகு, கோடையில் காட்டுத் தீயின் புகை. 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் மூண்ட பெரும் தீயைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். நிழல் நீளாத நேரம் வேண்டும் என்பதால், நல்ல நாளிலும் சில மணி நேரமே கிடைக்கும்.

தூசும் ஈரமும் கலந்த காற்று நீல ஒளியைச் சிதறடித்துப் படத்தை வெளிறச் செய்யும். அதனால் லென்சின் முன்னால் மஞ்சள் கண்ணாடி பொருத்தி நீலத்தைத் தடுக்கிறார்கள். வான்படச் சுருளும் சிவப்பு ஒளியைக் கூடுதலாக உணரும்படியும், மங்கலைக் கிழித்துத் துலக்கமாகக் காட்டும்படியும் தயாரிக்கப்படுகிறது. அகச்சிவப்பை உணரும் கறுப்பு வெள்ளைச் சுருளும் உண்டு. அதில் தண்ணீர் மை போலக் கறுப்பாகவும், தழைத்த இலைகள் வெளுப்பாகவும் விழும். ஏரியின் கரை எது, இலை உதிர்த்த தேக்கு எது என்று அது காட்டிக்கொடுக்கும்.

விமானம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பது இன்னொரு சிக்கல். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும்போது, ஒரு விநாடியில் முந்நூறில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருந்தால் அதற்குள் விமானம் 18 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1-க்கு 20,000 அளவில் இது நெகடிவில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு, பொருட்படுத்த வேண்டாம். தாழப் பறந்து 1-க்கு 5,000 அளவில் எடுத்தால் அதே நகர்வு நான்கு மடங்காகிக் கோடுகள் கலங்கிவிடும்.

இருட்டில் எண்ணும் விரல்கள்

விமானம் தரையிறங்கியதும் பொறுப்பு இருட்டறைக்கு மாறுகிறது. அறுபது மீட்டர் சுருளில் சுமார் 240 படங்கள். அனுமதிக்கும் வானிலைக்கும் மாதக் கணக்கில் காத்திருந்து பிடித்தவை. ஒரு தவறு நடந்தால் அத்தனையும் போய்விடும்.

இது எல்லா நிறங்களையும் உணரும் சுருள் என்பதால் சிவப்பு விளக்குகூட ஆகாது. முழு இருட்டு. பழைய முறையில் இரண்டு உருளைகள் கொண்ட தொட்டி ஒன்று உண்டு. சுருள் ஓர் உருளையிலிருந்து மற்றொன்றுக்கு டெவலப்பரின் ஊடே ஓடும். முடிந்ததும் திருப்பி ஓட்ட வேண்டும். இத்தனை முறை முன்னும் பின்னும் என்று கணக்கு. ஓட்டம் நடுவில் தடைபட்டால் படத்தின் குறுக்கே பட்டை விழும். கணக்குத் தவறினால் சுருளின் ஒரு முனை கறுத்தும் மறு முனை வெளிறியும் போகும். இதற்குப் பயந்துதான் முதலில் சுருளின் நுனியை மட்டும் வெட்டிச் சோதித்துப் பார்ப்பது. படிப்படியாக ஒளி கூடும் அளவுப் பட்டை ஒன்றையும் சுருளின் ஓரத்தில் பதிவார்கள். அந்தப் படிகள் கழுவிய பிறகு எவ்வளவு கறுத்திருக்கின்றன என்று அளந்தால், வேதியியல் சரியாக நடந்ததா என்று தெரிந்துவிடும்.

வெப்பம் நம் ஊருக்கே உரிய எதிரி. டெவலப்பருக்கு உகந்தது 20 டிகிரி. கோடையில் குழாய்த் தண்ணீரே 30 டிகிரியைத் தாண்டும் ஊர்களில் ஜெலட்டின் ஊதிப் பிசுபிசுத்துவிடும். அதைத் தடுக்க டெவலப்பரில் சோடியம் சல்பேட் கலப்பதும், படிகாரக் கரைசலில் முக்கி இறுக்குவதும் வெப்ப நாடுகளின் வழக்கம்.

குண்டலுபேட்டைப் பக்கத்து நெகடிவில் இன்னொரு தொல்லையும் வரும். வெயிலில் பளபளக்கும் காய்ந்த வயலும் நிழல் படிந்த காடும் ஒரே சட்டத்துக்குள். வயலுக்கு ஏற்பப் பிரதி எடுத்தால் காடு கரிக்கட்டியாகிவிடும். காட்டுக்கு ஏற்ப எடுத்தால் வயலே தெரியாது. இதற்கென வந்த மின்னணுப் பிரதி இயந்திரங்கள் நெகடிவின் மேல் ஒளிப்புள்ளியை ஓட்டி, அடர்ந்த இடத்தில் அதிக ஒளியும் மெலிந்த இடத்தில் குறைந்த ஒளியும் தந்து சமன்செய்தன. அதன் பிறகே காட்டுக்குள் மறைந்து கிடந்த மாட்டுவண்டித் தடங்கள் கண்ணுக்குப் புலப்பட்டன.

கடைசிப் படிதான் யாரும் கவனிக்காத படி. படத்தை நிலைப்படுத்தும் ஹைப்போ சுருளில் ஒட்டிக்கொண்டிருந்தால், பல ஆண்டுகள் கழித்து வெள்ளியைத் தின்று மஞ்சளும் பழுப்புமாகக் கறைபடுத்தும். ஓடும் தண்ணீரில் நெடுநேரம் அலசுவதைத் தவிர வேறு வழியில்லை. அலசாமல் விட்டதன் விளைவு மறுநாள் தெரியாது. அவசரக்காரர் பெயரைக் காலம் மெதுவாகத்தான் வெளியிடும்.

ஊட்டிச் சாலையில் ஓர் ஆலை

குண்டலுபேட்டையிலிருந்து கூடலூர் வழியாக ஊட்டிக்குப் போகிறவர்கள், நகருக்கு முன்னால் இந்துநகரைக் கடப்பார்கள். அங்குதான் 1960-இல் நிறுவப்பட்ட மத்திய அரசின் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்தது. 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருளும் எக்ஸ்ரே பிலிமும் அங்கிருந்து நாடெங்கும் போயின. படச்சுருள் பூசும் அறையில் ஒரு துகள்கூட இருக்கக் கூடாது. குளிர்ந்த, தூசியில்லாத நீலகிரிக் காற்று அதற்குப் பொருந்தியது.

வான்படச் சுருள் என்றால் உலகெங்கும் கோடாக், ஆக்பா பெயர்களே முன்னின்றன. எனினும் தன் படச்சுருளைத் தானே தயாரிக்க வேண்டும் என்று ஒரு நாடு நினைத்ததன் அடையாளம் அந்த ஆலை. வண்ணச் சுருளும் பிறகு டிஜிட்டலும் வந்து சந்தையை அள்ளிக்கொண்டபோது அது நலிந்து, பின்னாளில் மூடப்பட்டது. அதனோடு, இருட்டில் கை உணர்ந்து வேலை செய்த ஒரு தலைமுறையின் தொழிலும் போயிற்று.

யாருக்கு வேண்டும் இந்தப் படம்?

இன்று செயற்கைக்கோள் இருக்கிறது. கிராம வீட்டுமனைகளை அளக்க 2020-இல் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் டிரோன்கள் பறக்கின்றன. பிறகு பழைய சுருள் எதற்கு? டிரோனால் நேற்றைப் படமெடுக்க முடியாது என்பதால்தான்.

பந்திப்பூர் 1973-இல் முதல் ஒன்பது புலிகள் காப்பகங்களில் ஒன்றானது. மறு ஆண்டு கபினி அணை வந்தது. அதன் நீர் பந்திப்பூருக்கும் நாகரஹொளேவுக்கும் நடுவே பரவியது. காட்டில் வாழ்ந்த ஜேனு குருபர்களும் சோலிகர்களும் இடம்பெயர நேர்ந்தது. 2006-இன் வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே நிலத்தில் இருந்ததை நிரூபிக்கச் சொல்கிறது. பட்டா இல்லாத, எழுத்து இல்லாத குடும்பம் எதைக் காட்டும்? செயற்கைக்கோள் படமும் மற்றத் தொழில்நுட்பங்களும் பிற சான்றுகளுக்குத் துணையாகலாம், மாற்றாகாது என்று 2012-இல் திருத்தப்பட்ட விதிகள் சொல்கின்றன. துணைச் சான்றாகவே இருக்கட்டும். காட்டுக்குள் ஒரு குடிசைக் கூட்டமும் அதைச் சுற்றி ஒரு வெட்டவெளியும் பழைய நெகடிவில் தெரிந்தால், அதை யாரும் நாக்கு வன்மையால் அழித்துவிட முடியாது. அதேபோல், அடர்ந்த மரங்கள் தெரிந்த இடத்தில் பரம்பரை வயல் இருந்ததாக யாரும் சொல்லவும் முடியாது. படம் இரு தரப்புக்கும் பொது.

ஆனால் அந்தப் படம் மக்கள் கைக்கு எளிதில் வந்ததில்லை. பல பத்தாண்டுகள் விமானப் படங்கள் பாதுகாப்பு ரகசியமாகவே காக்கப்பட்டன. 2005-இன் தேசிய வரைபடக் கொள்கை கொஞ்சம் கதவைத் திறந்தது. 2021 பிப்ரவரியில் வந்த புதிய வழிமுறைகள் நிலத் தரவுகளின் கட்டுப்பாடுகளைப் பெருமளவு தளர்த்தின. அமெரிக்கா இதில் முந்திக்கொண்டது. 1960 முதல் 1972 வரை 'கொரோனா' உளவுச் செயற்கைக்கோள்கள் கறுப்பு வெள்ளைச் சுருளில் எடுத்து, உறையில் வைத்துப் பூமிக்கு இறக்கிய படங்களை 1995-லேயே அது பொதுவாக்கிவிட்டது.

ரகசியம் தளரலாம், வேதியியல் காத்திருக்காது. பழைய அசிடேட் சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையத் தொடங்கினால் புளித்த காடி நாற்றம் வீசும். பிறகு சுருங்கும், மடிந்து நெளியும், வெள்ளிப் படலம் உரியும். ஒரு சுருளில் தொடங்கினால், கிளம்பும் அமில ஆவி பக்கத்துச் சுருள்களையும் பிடிக்கும். பின்னாளில் வந்த பாலியெஸ்டர் சுருள்கள் இவ்வகையில் உறுதியானவை. எது எந்த வகை என்று பிரித்து, குளிர்ந்த உலர்ந்த அறையில் வைத்து, நுட்பமாக ஸ்கேன் செய்து பொதுப் பயனுக்குத் தருவது அப்படியொன்றும் பெரிய விஞ்ஞானமல்ல. முடிவெடுக்கும் மனம் வேண்டும், அவ்வளவுதான்.

கோபாலசுவாமி மலையின் அடிவாரத்தில் காடும் வயலும் இன்னும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டுதான் இருக்கின்றன. எல்லைத் தகராறு அடுத்த முறை எழும்போது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் இருட்டில் நின்று சலிக்காமல் அலசிய சுருள் சாட்சி சொல்லத் தயாராக இருக்கக்கூடும். அதற்குள் அது புளித்துப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் இன்றைய தலைமுறையின் வேலை.