பொருள் தொலைந்தால்: தேடுவோர் கடமையும் கண்டெடுத்தோர் கடமையும்



ரமளான் முடிந்ததும் அறக்கட்டளை அலுவலகத்தை ஒழுங்குபடுத்தினோம். உரியவர் வந்து வாங்காமல் கிடந்த பொருட்களை ஒரு தாளில் எழுதினோம். நோன்புக் கஞ்சி வாங்க வந்த தூக்குப்போசி 11, மூடி மட்டும் 6, சாவிக்கொத்து 7, மூக்குக்கண்ணாடி 4, குடை 3, காது கேட்கும் கருவி 1. இதில் எதுவும் பெரிய சொத்து இல்லை. ஆனாலும் அந்தக் கருவியைத் தொலைத்த பெரியவர் இன்றுவரை வீட்டில் யார் பேசுவதும் கேட்காமல் உட்கார்ந்திருக்கலாம்.

அன்றாடப் பொருள் தொலைவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் தொலைத்தவர் மேலும் சில கடமைகள் உண்டு, கண்டெடுத்தவர் மேலும் சில கடமைகள் உண்டு. இவற்றை மார்க்கமும் சட்டமும் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. அதை இந்த இதழில் விளக்க நினைத்ததற்கு, சென்ற ஆண்டு நடந்த ஒரு சம்பவமே காரணம்.

ஒரு ஜோடித் தோடு

நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு வீட்டில் நிக்காஹ் வாரம். வீடு நிறைய உறவினர்கள். மணப்பெண்ணின் தங்கையுடைய தங்கத் தோடு ஒரு ஜோடி காணவில்லை. அந்த வீட்டில் எட்டு வருடமாகப் பாத்திரம் கழுவி, வீடு கூட்டி வந்த ஒரு சகோதரி உண்டு. அவர் வேறு சமூகத்தைச் சேர்ந்தவர், கணவரை இழந்தவர். கூடத்தில் அத்தனை பேர் முன்னால் அவருடைய பையைக் கொட்டிக் காட்டச் சொன்னார்கள். பையில் இருந்தது ஒரு டிபன் டப்பாவும் பேருந்துக்கு வைத்திருந்த சில்லறையும்தான். அவர் ஒன்றும் பேசாமல் எல்லாவற்றையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அந்த வீட்டுக்காரர் எங்களிடம் வந்து சொன்னார். நாங்களும் எங்கள் பதிவேட்டில், 'தங்கத் தோடு ஒரு ஜோடி, வேலை செய்யும் பெண் மீது சந்தேகம்' என்று எழுதிக்கொண்டோம். யார் பார்த்தது, எங்கே வைத்திருந்தீர்கள், எங்கெல்லாம் தேடினீர்கள் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்துத் தோடு கிடைத்தது. வீட்டில் இருந்த நன்னி, பிள்ளைகள் கையில் பட்டுத் தொலைந்துவிடக் கூடாது என்று, தம் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் பத்திரமாக வைத்து மூடியிருக்கிறார். வைத்ததை மறந்துவிட்டார். புதுக்கண்ணாடி உடைந்து, பழையதைத் தேடி எடுத்தபோதுதான் தெரிந்தது.

வீட்டுக்காரர் கண் கலங்கி வந்தார். அவரோடு நாங்கள் இரண்டு பேர் அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போனோம். எங்களை உட்காரவைத்து டீ கொடுத்தார். "தோடு கெடைச்சது சந்தோசமுங்க. ஆனா நான் இனி அந்த ஊட்டுக்கு வரலீங்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லவில்லை. அந்தத் தெருவில் மற்ற இரண்டு வீட்டு வேலையும் அதற்குள் அவர் கையை விட்டுப் போயிருந்தது என்பதைப் பிறகுதான் அறிந்தோம்.

எங்கள் பதிவேட்டில் அந்த வரியை நாங்களே அடித்தோம். அடித்த கோடும் அதன் கீழ் வரியும் இன்றும் அப்படியே தெரிகிறது.

முதலில் தேடுதல்

ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு பயணத்தில், தம் சகோதரி அஸ்மா (ரலி) அவர்களிடம் இரவல் வாங்கிய கழுத்து மாலையைத் தொலைத்துவிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைத் தேடுவதற்காகப் பயணத்தை நிறுத்தினார்கள். கூட வந்த மக்களும் தங்கினார்கள். அந்த இடத்தில் தண்ணீர் இல்லை. தயம்மும் பற்றிய வசனம் இறங்கியது அந்தச் சந்தர்ப்பத்தில்தான். கடைசியில் ஒட்டகத்தை எழுப்பியபோது, மாலை அதன் அடியிலேயே கிடந்தது. புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் இந்தச் செய்தி உண்டு.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. பொருள் பெரும்பாலும் நம் காலடியிலேயே கிடக்கும். அதனால் மனிதர்கள் மேல் கண்ணை ஓட்டும் முன், இடங்கள் மேல் கையை ஓட்ட வேண்டும். எங்கள் அனுபவத்தில், வீட்டுக்குள் தொலைந்த பொருள் அதிகமும் கிடைத்த இடங்கள் இவை: அரிசி டின், பருப்பு டப்பா, தலையணை உறை, துவைக்கப் போட்ட சட்டைப்பை, வாஷிங் மெஷினின் ரப்பர் மடிப்பு, பீரோவில் புடவை மடிப்பு, குழந்தையின் பள்ளிப் பை. 'பத்திரமாக' வைத்த பொருள்தான் அதிகம் தொலைகிறது. ஆகவே வீட்டில் உள்ள பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள். குற்றம் சொல்வது போல் கேட்காமல், "நீங்க எங்காச்சும் எடுத்து வெச்சீங்களா?" என்று மெதுவாகக் கேளுங்கள்.

குப்பையை வெளியே போடும் முன் ஒரு முறை பாருங்கள். 2024 ஜூலையில் சென்னையில் ஒரு குடும்பத்தின் வைர நெக்லஸ் தவறிக் குப்பையோடு போய்விட்டது. தூய்மைப் பணியாளர்கள் குப்பைத் தொட்டிகளைக் கிளறித் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். ஏழை கையில் பொருள் கிடைத்தால் திரும்பி வராது என்று நினைப்பவர்கள் இதை ஞாபகத்தில் வைக்க வேண்டும்.

சந்தேகம் என்னும் பாவம்

மற்றொரு பயணத்திலும் ஆயிஷா (ரலி) அவர்களின் மாலை தொலைந்தது. அதைத் தேடப் போன இடத்தில் தாமதமாகி, அவர்கள் பல்லக்கில் இருப்பதாக எண்ணி மக்கள் புறப்பட்டுவிட்டார்கள். அதை வைத்தே அவர்கள் மேல் அவதூறு கிளம்பியது. சுமார் ஒரு மாதம் அந்த வேதனை நீடித்தது. பிறகு சூரத்துந் நூரின் வசனங்கள் அவர்களின் தூய்மையை அறிவித்தன. கேள்விப்பட்டவுடனே நல்லெண்ணம் கொண்டிருக்கக் கூடாதா என்று அவதூறைக் கேட்டவர்களையும் அல்லாஹ் கண்டிக்கிறான்.

சூரத்துந் நிஸா 105 முதல் 112 வரையிலான வசனங்கள் இறங்கிய காரணத்தைத் தஃப்ஸீர் நூல்கள் விவரிக்கின்றன. மதீனாவில் ஒரு வீட்டிலிருந்து கவசம் திருடு போனது. எடுத்தவன் முஸ்லிம் என்று சொல்லிக்கொண்டவன். பழியோ ஒரு யூதர் மேல் போடப்பட்டது. அந்த யூதர் நிரபராதி என்பதை வஹீயே வெளிப்படுத்தியது. தான் செய்த குற்றத்தை நிரபராதி மேல் போடுவது பெரும் பாவம் என்றும் அந்த வசனங்கள் சொல்கின்றன. நம்மவர், வெளியார் என்று பார்த்துச் சந்தேகப்படுவதற்கு நம் மார்க்கத்தில் இடமே இல்லை.

எல்லோர் முன்னாலும் பழி சொன்னால், மன்னிப்பும் எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டும். அந்த வீட்டுக்காரர் அன்று கூடத்தில் இருந்த உறவினர் ஒவ்வொருவருக்கும் போன் செய்து, தவறு தம்முடையது என்று சொன்னார். வேலை போன இரண்டு வீடுகளுக்கும் நேரில் போனார். அல்ஹம்துலில்லாஹ், அதில் ஒரு வீட்டில் அந்தச் சகோதரியை மீண்டும் அழைத்துக்கொண்டார்கள்.

கண்டெடுத்தால் என்ன செய்வது?

கண்டெடுத்த பொருளுக்கு ஃபிக்ஹில் 'லுக்தா' என்று பெயர். அது கண்டெடுத்தவர் கையில் அமானிதம். ஸைத் இப்னு காலித் (ரலி) அறிவிக்கும் ஹதீஸின்படி, பொருள் இருந்த பையையும் அதைக் கட்டியிருந்த கயிற்றையும் அடையாளம் தெரிந்து வைத்துக்கொண்டு, ஒரு வருடம் அறிவிப்புச் செய்ய வேண்டும். வழி தவறிய ஆட்டைப் பிடித்து வைக்கலாம், விட்டால் ஓநாய் தின்றுவிடும். ஒட்டகத்தை விட்டுவிட வேண்டும், அது தன்னைக் காத்துக்கொள்ளும், உரியவர் வந்து பிடித்துக்கொள்வார். அதாவது விட்டால் கெட்டுப்போகும் பொருளை எடுத்துப் பாதுகாக்கலாம். கிடந்த இடத்திலேயே பத்திரமாக இருக்கும் பொருளை எடுத்து, தேடி வருபவரை அலைய விடக் கூடாது. உளூச் செய்யும் இடத்தில் இருக்கும் கைக்கடிகாரத்தை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். அங்கேயே மோதினாரிடம் கொடுங்கள்.

அறிவிப்பில் எல்லா அடையாளத்தையும் சொல்லிவிடக் கூடாது. வாட்ஸ்அப்பில் முழுப் படத்தையும் போட்டுவிட்டால், கேட்டு வருபவர் உரியவர்தானா என்று எதை வைத்துச் சோதிப்பது? 'ஒரு பர்ஸ் கிடைத்துள்ளது, அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்' என்றால் போதும். ஆதார் அட்டையின் படத்தை எந்தக் குழுவிலும் போடவே கூடாது.

"ஜும்ஆ முடிந்ததும் மைக்கில் சொல்லக் கூடாதா?" என்று பலர் கேட்கிறார்கள். தொலைந்த பொருளைப் பள்ளிவாசலுக்குள் அறிவித்துத் தேடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். பள்ளிவாசல்கள் அதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. வாசலுக்கு வெளியிலும் கடைவீதியிலும் அறிவிக்கலாம் என்பது உலமாக்கள் காட்டும் வழி. அதனால்தான் அறிவிப்புப் பலகையைச் செருப்பு ஸ்டாண்டு பக்கம் வைத்திருக்கிறோம்.

கிடைத்த பணத்தை உடனே உண்டியலில் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். முடியாது. முதலில் உரியவரைத் தேட வேண்டும். தேடியும் வராவிட்டால், ஹனஃபி மத்ஹபில் உரியவர் சார்பாக ஸதகா செய்யலாம், கண்டெடுத்தவர் ஏழையாக இருந்தால் தாமே பயன்படுத்தலாம். ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு வருடம் கழித்துத் தமக்கு எடுத்துக்கொள்ளலாம். எப்படியாயினும் உரியவர் பின்னால் வந்து கேட்டால் ஈடு செய்யும் பொறுப்பு உண்டு. வழியில் கிடக்கும் ஒரு பேரீச்சம்பழம் போன்ற, யாரும் தேடி வராத அற்பப் பொருளுக்கு இவ்வளவு அறிவிப்பு தேவையில்லை. குறிப்பான சந்தேகங்களுக்கு இமாம் அவர்களை அணுகவும்.

சட்டமும் இதையே சொல்கிறது

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 71, கண்டெடுத்த பொருளைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்பவர், நம்பி ஒப்படைக்கப்பட்டவருக்குரிய அதே கவனத்தோடு அதைக் காக்க வேண்டும் என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 314 இன்னும் கடுமையானது. உரியவர் யார் என்று தெரிந்தோ, நியாயமான முயற்சி எடுத்துத் தேடாமலோ, கண்டெடுத்ததைத் தனதாக்கிக்கொண்டால் 6 மாதத்துக்குக் குறையாமல் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தில் எடுத்து வைத்தால் குற்றமில்லை.

தொலைத்தவர்கள் உடனே செய்ய வேண்டியவை

செல்போன்: *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். இன்றே அதை வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதே எண்ணில் புதிய சிம் வாங்கி, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்கலாம்.

வங்கி அட்டை: தேடுவதற்கு முன்பே வங்கிக்குப் போன் செய்து முடக்குங்கள்.

ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. புத்தகம், மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட்: தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் ஆவணம் தொலைந்ததைப் பதிவு செய்து சான்று எடுக்கலாம். நகல் வாங்க அது உதவும்.

ரயிலில் விட்ட பொருள்: 139க்கு அழைக்கவும். ரயில்வே பாதுகாப்புப் படை பயணிகளின் பொருளைத் திருப்பித் தரும் பணிக்கு 'ஆபரேஷன் அமானத்' என்றே பெயர் வைத்திருக்கிறது.

பேருந்து: டிக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். எந்தப் பேருந்து என்பதை அதை வைத்துப் பணிமனையில் கண்டுபிடிக்க முடியும்.

எங்கள் வேண்டுகோள்

நம் ஊர்ப் பாத்திரக் கடைகளில் எவர்சில்வர் போசி வாங்கினால் பெயர் வெட்டித் தருவார்கள். நம் பெரியவர்கள் அதைத் தவறாமல் செய்தார்கள். மேலே சொன்ன 11 போசிகளில் ஒன்றில்கூடப் பெயர் இல்லை. பெயர் இருந்தவை எல்லாம் அன்றன்றே வீடு போய்ச் சேர்ந்துவிட்டன. பள்ளிக்கு அனுப்பும் பாத்திரத்திலும் மூடியிலும் பெயரும் தெருவும் எழுதி அனுப்புங்கள்.

எங்கள் பதிவேட்டையும் மாற்றிவிட்டோம். பொருள், தேதி, கடைசியாகப் பார்த்த இடம், தேடிய இடங்கள் என்ற நான்கு கட்டங்கள் மட்டுமே இப்போது உள்ளன. யார் மீது சந்தேகம் என்று சொன்னால் எழுதிக்கொள்ள மாட்டோம். கண்ணால் பார்த்த சாட்சி இருந்தால் காவல் நிலையம் இருக்கிறது.

தூக்குப்போசிகளும் சாவிகளும் மற்றவையும் அலுவலக அலமாரியில் உள்ளன. அஸர் தொழுகைக்குப் பின் வந்து அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். உங்கள் தெருவில் காது கேட்கும் கருவியைத் தொலைத்த பெரியவர் யாரேனும் இருந்தால், அவருக்கு இந்த அறிவிப்பு காதில் விழாது. நீங்கள் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

அமானிதத்தைப் பேணுபவர்களாகவும், பிறர் மானத்தைக் காப்பவர்களாகவும் அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.

செயலாளர்