பனிமனிதனும் ஒரு கடைவாய்ப் பல்லும்

தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. ஆற அமர உட்காருங்கள்.

இமயமலைப் பனிமனிதன், அதுதான் யெட்டி, உண்மையா என்று கேட்கிற பிள்ளைகளிடம் “எல்லாம் கட்டுக்கதை” என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அதற்குள் இருக்கிற நல்ல கேள்வி ஒன்று அதோடு போய்விடும். எப்போதோ அழிந்துபோன ஓர் உயிரினத்தின் நினைவு, வாய்வழிக் கதையாக நம் காலம் வரை வந்து சேர முடியுமா? இதை நிதானமாகச் சோதித்துப் பார்க்கலாம். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பதுபோல இதற்கு மூன்று பொருத்தம் போதும்: இடம், காலம், உடல். கதையில் வரும் உயிரும் மண்ணில் கிடைத்த எலும்பும் இந்த மூன்றிலும் ஒத்துப்போக வேண்டும்.

யெட்டிக்குப் பெரும்பாலோர் பார்க்கும் ஜோடி, ஜைகாண்டோபித்திகஸ் என்ற ராட்சத வாலில்லாக் குரங்கு. அது அறிவியலுக்குத் தெரியவந்ததே ஒரு மருந்துக் கடையில்தான். சீன நாட்டு மருந்துக் கடைகளில் பழைய விலங்குப் பற்களை ‘டிராகன் பல்’ என்று பொடித்து மருந்தாகக் கொடுப்பார்கள். 1935-இல் ஹாங்காங்கில் அப்படி ஒரு கடையில், ரால்ஃப் வான் கோனிக்ஸ்வால்ட் என்ற தொல்லுயிர் ஆய்வாளரின் கையில் ஒரு கடைவாய்ப் பல் அகப்பட்டது. குரங்கினத்துப் பல்தான், ஆனால் அவ்வளவு பெரிய பல்லை யாரும் பார்த்ததில்லை. பிற்பாடு தென்சீனத்துக் குவாங்ஷி பகுதியின் சுண்ணாம்புக் குகைகளில் தோண்டத் தோண்டப் பற்கள் வந்தன. இன்று ஏறக்குறைய 2,000 பற்களும் நான்கு கீழ்த்தாடைகளும் இருக்கின்றன. மண்டையோடு கிடைக்கவில்லை, கை கால் எலும்பும் கிடைக்கவில்லை. குகைகளில் வாழ்ந்த முள்ளம்பன்றிகள் எலும்புகளைக் கொறித்துத் தீர்த்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. எனவே மூன்று மீட்டர் உயரம், 200 முதல் 300 கிலோ எடை என்று நாம் படிப்பதெல்லாம் பல்லையும் தாடையையும் வைத்துப் போட்ட கணக்குதான்.

உடம்பு கிடைக்காத இடத்தில் கற்பனை புகுந்துகொள்ளும். 1951-இல் எரிக் ஷிப்டன் என்ற மலையேறி, இமயமலையின் மென்லுங் பனியாற்றில் பெரிய காலடித் தடம் ஒன்றை, பனிக்கோடரியைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தார். படம் உலகத்தைச் சுற்றியது. அந்தப் பத்தாண்டிலேயே, தடத்துக்குச் சொந்தக்காரன் இந்த ராட்சதக் குரங்கின் வாரிசாக இருக்கலாம் என்று பெல்ஜியத்து விலங்கியலாளர் பெர்னார்ட் ஊவெல்மான்ஸ் எழுதினார். இன்றும் பலர் நம்புவது அவர் சொன்ன இந்த உறவைத்தான்.

இப்போது பொருத்தம் பார்ப்போம். முதலில் உடல். பல் எனாமலுக்குள் லட்சக்கணக்கான ஆண்டுகள் சிதையாமல் கிடந்த புரதத்தை எடுத்து ஆராய்ந்த முடிவு 2019-இல் வெளியானது. ஜைகாண்டோபித்திகஸுக்கு மிக நெருங்கிய உறவு ஒராங்குட்டான். இரண்டின் வழிகளும் சுமார் 1 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன. இரண்டு காலில் பனியில் நடந்து போகும் மனிதச் சாயல் உருவம் இந்தக் குடும்பத்துக்கு உரியதில்லை. அடுத்து இடம். கிடைத்த பற்கள் கிழக்கே வெகுதூரத்தில் இருந்த அடர்காட்டு விலங்கினுடையவை, பனிமலையில் ஒரு பல்கூடக் கிடைக்கவில்லை. பிறகு காலம். 22 குகைகளை ஆராய்ந்து 2024-இல் சொன்ன கணக்குப்படி, அது 2,95,000 முதல் 2,15,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்துவிட்டது. காட்டின் அடர்த்தி குறைந்து, பழம் கிடைக்கும் பருவம் குறுகியபோது, அந்தப் பெரிய உடம்பு சத்துக் குறைந்த நாரையும் பட்டையையும் நம்பிக் கிடந்தது. அங்கேயே வாழ்ந்த ஒராங்குட்டான் உணவையும் இருப்பிடத்தையும் மாற்றிக்கொண்டு தாக்குப்பிடித்தது.

மூன்றும் பொருந்தவில்லை. அப்படியானால் மலைவாசிகள் பார்த்தது என்ன? 1960-இல் மலையேறி எட்மண்ட் ஹிலாரி, கும்ஜுங் கிராமத்தார் போற்றிக் காத்த ‘யெட்டியின் உச்சித்தோலை’ அனுமதி கேட்டு வாங்கிப்போய் ஆய்வுக்குக் காட்டினார். அது செரோ என்ற மலையாட்டின் தோலில் செய்தது. 2017-இல் ஆய்வாளர் சார்லட் லின்ட்குவிஸ்டின் குழு, யெட்டியுடையவை என்று பாதுகாத்து வந்த ஒன்பது மாதிரிகளின் டிஎன்ஏவைப் படித்தது. எட்டு கரடியுடையவை, ஒன்று நாயினுடையது. முன்காலின் தடத்தின் மேல் பின்காலை வைத்துக் கரடி நடக்கும்போது இரண்டும் ஒரே நீளத் தடமாகும். வெயிலில் பனி உருகினால் அது இன்னும் அகலும். அந்த மலைவாசிகளான ஷெர்ப்பாக்கள் பொய் சொல்லவில்லை. அந்த உயரத்தில் பெரிய, ஆபத்தான விலங்கு ஒன்று உண்மையிலேயே நடமாடுகிறது.

இன்னொரு ஜோடி இருக்கிறது, அதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். இந்தோனேசியாவின் ஃப்ளோரெஸ் தீவில் நாகே மக்கள் ‘எபு கோகோ’ என்ற குள்ளமான, உடலெல்லாம் முடி அடர்ந்த குகைவாசிகளைப் பற்றிச் சொல்வார்கள். மானுடவியலாளர் கிரெகரி ஃபோர்த் அந்தக் கதைகளை முன்பே பதிவு செய்துவிட்டார். 2003-இல் அதே தீவின் லியாங் புவா குகையில் ஒரு மீட்டர் உயர மனித இனம் ஒன்றின் எலும்புக்கூடு கிடைத்தது. அதற்கு ஹோமோ ஃப்ளோரெசியென்சிஸ் என்று பெயரிட்டார்கள். மூளை நம்முடையதில் மூன்றில் ஒரு பங்குதான். இடம் பொருந்துகிறது, உடலும் ஏறத்தாழப் பொருந்துகிறது. எலும்புகளின் வயது 18,000 ஆண்டு என்று முதலில் சொன்னபோது காலமும் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றது. 2016-இல் திருத்திய கணக்கு வந்தது. எலும்புகள் 60,000 ஆண்டுக்கு முந்தியவை, அவர்களுடைய கல் கருவிகள்கூட 50,000 ஆண்டோடு நின்றுவிடுகின்றன.

தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால் 50,000 ஆண்டு என்பது 2,000 தலைமுறை. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் கதைகள், கடல் ஏறி நிலத்தை விழுங்கிய நிகழ்வை 7,000 ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்து வந்திருக்கின்றன என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். அதுவே வியப்பான நீளம், ஃப்ளோரெஸ் கதைக்கு அதைப்போல ஏழு மடங்கு வேண்டும்.

இலங்கையிலும் இதற்கு ஓர் உறவுக் கதை உண்டு. தென்கிழக்குக் காட்டில் வாழ்ந்த ‘நிட்டாவோ’ என்ற குள்ளர்களைப் பற்றி வேடர் பழங்குடியினர் சொன்னதை 1886-இல் ஹியூ நெவில் எழுதிவைத்தார். கடைசி நிட்டாவோக்களை ஒரு குகைக்குள் விரட்டி, வாசலில் விறகு அடுக்கி, புகைபோட்டுக் கொன்றார்களாம். எபு கோகோ கதையும் குகைக்கு வைத்த தீயில்தான் முடிகிறது. எங்கோ கிடக்கும் இரண்டு தீவுகளில் ஒரே முடிவு! எனக்கு இது, அயலாரை அழித்ததைப் பற்றி மனிதர்கள் சொல்லிக்கொள்ளும் ஒரு பொதுவான கதை வடிவமாகவே படுகிறது. இலங்கையில் இதுவரை கிடைத்த பழைய மனித எலும்புகள் எல்லாம் நம் இனத்தாருடையவை.

ஆகவே என் பதில் இது. மறைந்த இனத்தின் நினைவு கதையில் தங்கலாம், அந்த வழியை நான் அடைக்கமாட்டேன். ஆனால் மூன்று பொருத்தமும் கூடிய ஒரு கதை இன்னும் நம் கையில் இல்லை.

ராட்சதக் குரங்கின் உயிருள்ள உறவு மட்டும் இருக்கிறது, போர்னியோவிலும் சுமத்ராவிலும். மூன்று வகை ஒராங்குட்டான்களும் அழிவின் விளிம்பில் நிற்கின்றன. 2017-இல்தான் தனி இனமாக அடையாளம் கண்ட தபனுலி ஒராங்குட்டான் 800-க்கும் குறைவு. காடு மாறியதால் ஜைகாண்டோபித்திகஸ் போயிற்று. அதைத் தாண்டிப் பிழைத்த ஒராங்குட்டானின் காட்டை, பாமாயில் தோட்டத்துக்காக மனிதர்கள் வெட்டுகிறார்கள். இந்தியா இறக்குமதி செய்யும் பாமாயிலில் பெரும்பகுதி அந்தத் தீவுகள் அடங்கிய நாடுகளிலிருந்தே வருகிறது. பனிமனிதனைத் தேடும் ஆவலில் கொஞ்சத்தை இவற்றின் பக்கம் திருப்பினால், நம் பேரப்பிள்ளைகளுக்கு ஒராங்குட்டானையும் வெறும் கதையாகச் சொல்லும் நிலை வராது.