வெயில் ஊரிலிருந்து பனிமலைக்கு

நம் நெசவாளர் ஊரான ஆர்.கே.பேட்டையில் பனி என்றால் மார்கழி விடியலில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தறிக்குப் போகும் அளவுக்குத்தான். இந்த ஊர்ப் பிள்ளைகள் இமயமலைப் பனியில் ஏற முடியுமா? முடியும். ஆனால், முறையாகக் கற்றுக்கொண்டு ஏற வேண்டும்.

2023 மே 23 அன்று எவரெஸ்ட் ஏறிய முத்தமிழ்ச்செல்வி, விருதுநகர் மாவட்டத்தில் பிறந்தவர். இரண்டு பெண்களுக்குத் தாய். தமிழ்நாட்டிலிருந்து அந்தச் சிகரம் தொட்ட முதல் பெண். அதற்கு முன்பே, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து மலைப்பட்டில் கண்ணைக் கட்டிக்கொண்டு 155 அடி கயிற்றில் இறங்கியிருக்கிறார். நம் பக்கத்துப் பாறையும் அவருக்குப் பயிற்சிக் களமாக இருந்திருக்கிறது.

பாறை நேற்று இருந்தபடியே இன்றும் இருக்கும். பனிக்கட்டி மணிக்கு மணி மாறும். ஜனவரி, பிப்ரவரியில் ஸ்பிட்டி, லடாக் பள்ளத்தாக்குகளில் அருவிகள் விழுந்தபடியே உறைந்து நிற்கின்றன. அவற்றில் ஏறுபவரின் பூட்ஸுக்கு அடியில் கிராம்பான் என்ற இரும்பு முட்கள். இரு கைகளிலும் ஐஸ் ஆக்ஸ் என்ற பனிக்கோடரி. புதிதாக ஏறுபவர்கள் கையை நம்பித் தொங்குவார்கள்; சில நிமிடங்களில் கை சோர்ந்துவிடும். முன்முட்களைக் குத்தி, குதிகாலைத் தாழ்த்தி, உடல் பாரத்தைக் காலில் நிறுத்துவதுதான் முதல் பாடம்.

அடுத்த பாடம் ஐஸ் ஸ்க்ரூ. உள்ளே துளையுள்ள இந்தக் குழாயைத் திருகி இறக்கி, அதில் கயிற்றை மாட்டுகிறார்கள். திருகத் திருக, துளை வழியே பனித்துண்டு வெளியே வரும். அது கெட்டியாக வந்தால் பிடிமானத்தை நம்பலாம். ஈரமாகக் குழைந்து வந்தாலோ, திருகும்போது ஸ்க்ரூ சட்டென்று இலகுவாக இறங்கினாலோ வேறு இடம் பார்க்க வேண்டும். உயிர் தொங்குவது அதில்தான். வெயில் ஏறினால் பனி இளகும். எவரெஸ்ட் வழியிலுள்ள கும்பு பனிவீழ்ச்சியை இருட்டிலேயே கடந்துவிடப் பார்ப்பதும் அதனால்தான்.

எல்லாம் கற்றவர்களையும் மலை விட்டுவைக்காத நாள் உண்டு. 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டின் திரௌபதி கா டண்டா சிகரத்தருகே பனிச்சரிவில் பயிற்சிக் குழுவினர் 29 பேரை இழந்தோம். அவர்களில் ஒருவர் பயிற்றுநர் சவிதா கன்ஸ்வால். அதே ஆண்டு மே மாதத்தில் 16 நாள் இடைவெளியில் எவரெஸ்ட், மகாலு சிகரங்களில் ஏறியவர். அவருக்கே அந்தக் கதி என்றால், வீடியோ பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்களை நினைத்து நெஞ்சு பதறுகிறது.

கற்றுக்கொள்ள இடம் இருக்கிறது. டார்ஜிலிங்கில் 1954-ல் தொடங்கிய இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம், உத்தரகாசியில் 1965-ல் தொடங்கிய நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இரண்டிலும் ஏறத்தாழ நான்கு வார அடிப்படைப் பயிற்சி உண்டு. அதில் 'ஏ' கிரேடு வாங்கினால்தான் அடுத்த நிலைக்குப் போகலாம். மூச்சையும் காலையும் பழக்க, பக்கத்திலேயே சோளிங்கர் மலையின் 1,305 படிகள் இருக்கின்றன.

உடல் உரமுள்ள பிள்ளைகள் நம் நெசவாளர் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களைத் தடுப்பது பயணச் செலவும், குளிர் உடையின் விலையும், இப்படி ஒரு படிப்பு இருப்பதே தெரியாததும்தான். சிகரம் தொட்டு வந்தவர்களுக்குப் பரிசு தருகிறோம், நல்லது. அந்த அக்கறையில் ஒரு பங்கை முதல் பயிற்சிக்குப் போகிற பிள்ளைக்கும் காட்டுவோம். ஆண்டுக்கு இரண்டு பேரையாவது இந்த ஊரிலிருந்து அனுப்பிவைக்கப் பள்ளிகளும் ஊர்ப் பெரியவர்களும் முன்வர வேண்டும்.