‘இது என் உடல்’: நற்கருணையில் கிறிஸ்துவின் மெய்யான உடனிருப்புப் பற்றிய கோட்பாடுகள்

முன்னுரை

கிறித்தவ வழிபாட்டின் நடுவிடத்தில் அமைந்திருப்பது ஓர் உணவு. தாம் கைது செய்யப்பட்ட இரவில் இயேசு தம் சீடர்களோடு பந்தியமர்ந்து, அப்பத்தைத் தம் உடல் என்றும் கிண்ணத்தைத் தம் இரத்தம் என்றும் கூறி அளித்தார் என மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய நற்செய்தி நூல்களும் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகமும் உரைக்கின்றன. இந்நிகழ்வை நினைந்து நடத்தப்பெறும் சடங்கினைக் கிறித்தவருள் மிகப் பெரும்பாலோர் போற்றுகின்றனர். ஆயினும், அவ்வுணவில் கிறிஸ்து எவ்வாறு உடனிருக்கிறார் என்னும் வினாவுக்கு அவர்கள் ஒரே விடை தருவதில்லை.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கத்தோலிக்கர், லூத்தரன் சபையார், ஆங்கிலிக்கர், மெத்தடிஸ்டுகள் எனப் பல பிரிவுகளைச் சார்ந்த தமிழர் வாழ்கின்றனர். ஒரே குடும்பத்தாரே இருவேறு சபைகளில் இருப்பதும் உண்டு. கத்தோலிக்க ஆலயத்தில் நிகழும் திருமணத் திருப்பலியின்போது ஒருவர் எழுந்து பீடத்தை நோக்கிச் செல்ல, அவருடைய மெத்தடிஸ்டு உறவினர் இருக்கையிலேயே அமர்ந்திருப்பதை நாம் காணக்கூடும். ஒரே பந்தியில் உண்பதை உறவின் அடையாளமாகக் கருதும் நம் மரபினர்க்கு இக்காட்சி வியப்பளிக்கலாம். இதன் பின்னணியை வரலாற்று நோக்கிலும் மொழி நோக்கிலும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எக்கோட்பாடு சரியானது எனத் தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று.

இடைக்காலச் சிந்தனை

தொடக்க நூற்றாண்டுகளின் திருச்சபைத் தந்தையர் இவ்வுணவைக் கிறிஸ்துவின் உடல் என்றே வழங்கினர். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த அந்தியோக்கியா இஞ்ஞாசியார், அவ்வாறு ஏற்க மறுத்தோரைக் கண்டித்துள்ளார். ஐந்தாம் நூற்றாண்டளவில் மறைந்த அகஸ்தீனார் ‘அடையாளம்’ என்னும் சொல்லையும் இது குறித்துக் கையாண்டார். பிற்காலத்தில் எதிரெதிர்க் கட்சியினர் இருவருமே அவரைத் தமக்குச் சான்றாகக் காட்டியமைக்கு இதுவே காரணமாகும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் கோர்பி மடத்துத் துறவியரான பஸ்காசியு ராத்பெர்த்து, ராத்ரம்னு ஆகிய இருவரும் இப்பொருள் பற்றித் தனித்தனி நூல் இயற்றினர். பீடத்தில் உள்ளது மரியாளிடம் பிறந்த அதே உடல் என்றார் முன்னவர். அவ்வுடல் அங்கே மறைபொருளாக, உருவகமாக இருக்கிறது என்றார் பின்னவர். பதினோராம் நூற்றாண்டில் தூர் நகரப் பெரெங்காரியு அடையாளக் கொள்கையை வலியுறுத்தியபோது, 1059இல் உரோமையில் தம் கருத்தைக் கைவிட்டு உறுதிமொழி கூறுமாறு பணிக்கப்பட்டார். ஒரு நூற்றாண்டில் நூல்களாக எழுந்த கருத்து வேறுபாடு, மற்றொரு நூற்றாண்டில் ஆணைக்குரியதாக மாறிவிட்டது.

1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், ‘உட்பொருள் மாற்றம்’ எனும் கருத்தைத் தரும் சொல்லைத் தன் நம்பிக்கை அறிக்கையில் ஆண்டது. தாமஸ் அக்வினாஸ் அதனை அரிஸ்டாட்டிலின் கலைச்சொற்களைக் கொண்டு விளக்கினார். ஒரு பொருளின் உள்ளியல்பு வேறு. நிறம், சுவை, வடிவம் முதலிய பண்புகள் வேறு. பொதுவாக நாம் காணும் மாற்றங்களில் பண்புகள் மாறும், உள்ளியல்பு நிலைத்திருக்கும். பச்சை மாங்காய் பழுத்து மஞ்சளானாலும் அது மாவின் கனியே. நற்கருணையிலோ இது தலைகீழாக நிகழ்கிறது: அப்பத்தின் உள்ளியல்பு முழுவதும் கிறிஸ்துவின் உடலாக மாறுகிறது; பண்புகள் மட்டும் எஞ்சுகின்றன. எனவே, நாவுக்கு அப்பமாகவே சுவைப்பது இக்கோட்பாட்டுக்கு முரணன்று. ‘அப்பம் மாறவில்லையே’ என எளிதாக எழுப்பப்படும் வினாவுக்கு அக்வினாஸ் முன்கூட்டியே விடை கூறியிருக்கிறார் என்பது குறிப்பிடத்தக்கது.

மார்பர்க் உரையாடல்

மார்ட்டின் லூத்தர் 1520இலேயே உட்பொருள் மாற்றக் கொள்கையைக் கட்டாயக் கோட்பாடாக ஏற்க மறுத்தார். ஆனால், மெய்யான உடனிருப்பை அவர் மறுக்கவில்லை. அப்பம் அப்பமாகவே இருக்க, அதனுள்ளும் அதனோடும் கிறிஸ்துவின் உடல் இருக்கிறது என்றார். காய்ச்சிய இரும்பின் ஒவ்வொரு பகுதியும் இரும்பாகவும் நெருப்பாகவும் இருப்பதை உவமை காட்டினார். சூரிச் நகரின் உல்ரிச் ஸ்விங்லியோ, ‘இருக்கிறது’ என்னும் சொல் அவ்விடத்தில் ‘குறிக்கிறது’ என்றே பொருள்படும் என வாதிட்டார். இயேசு தம்மை வாயில் என்றும் திராட்சைக்கொடி என்றும் கூறியதை யாரும் சொல்லுக்குச் சொல் கொள்வதில்லை என்பது அவர்தம் கருத்து.

சீர்திருத்தவாதிகள் பிளவுபடின் அரசியல் அளவிலும் அழிவு நேரும் என்றஞ்சிய ஹெஸ்ஸே ஆட்சியாளர் பிலிப்பு, 1529 அக்டோபரில் இருவரையும் மார்பர்க் கோட்டைக்கு வரவழைத்தார. லூத்தர் இயேசுவின் சொற்களை இலத்தீன் மொழியில் மேசைமீது சுண்ணக்கட்டியால் எழுதி வைத்துக்கொண்டு, அவற்றிலிருந்து இம்மியும் அசைய மறுத்தார். விண்ணேறிய உடல் ஓரிடத்தில் இருப்பதால் பல பீடங்களில் இருக்கவியலாது என்றனர் எதிர்த்தரப்பினர். இறைவனின் வல்லமையைக் கணக்கியலால் அளக்கலாகாது என்றார் லூத்தர். இறுதியில் வரையப்பெற்ற 15 உறுப்புகளில் 14இல் முழு உடன்பாடு ஏற்பட்டது. பதினைந்தாவதன் ஒரு பகுதியில், அதாவது உடல் மெய்யாக உடனிருக்கிறதா என்பதில் மட்டும், உடன்பாடு எட்டவில்லை. ஈராண்டுகளுக்குப் பின் ஸ்விங்லி காப்பெல் போரில் மாண்டார், பிளவு நிலைத்தது.

பின்னர் வந்த ஜான் கால்வின் இடைப்பட்ட ஒரு வழியைக் காட்டினார். கிறிஸ்துவின் உடல் அப்பத்துக்குள் இறங்கி வருவதில்லை. எனினும், நம்பிக்கையுடன் உண்போர் தூய ஆவியாரின் ஆற்றலால் அவரை மெய்யாகவே பெறுகின்றனர் என்பது அவர்தம் கொள்கை. கத்தோலிக்கத் திருச்சபை 1551இல் திரெந்து சங்கத்தின் வாயிலாக உட்பொருள் மாற்றத்தை மீண்டும் உறுதிப்படுத்தியது. கீழைத் திருச்சபைகள் மாற்றத்தை ஏற்கின்றன. ஆயினும், அது நிகழும் முறையை மறைபொருளாகவே விட்டுவிட விரும்புகின்றன.

தமிழ்மொழியின் கண் கொண்டு

இவ்வாதம் பெரிதும் ஒரு வினைச்சொல்லைச் சுற்றிச் சுழன்றது. தமிழில் ‘இது என் உடல்’ என்பது பெயர்ப்பயனிலைத் தொடர். ‘இருக்கிறது’ என்னும் வினை அதற்குத் தேவையில்லை. இயேசு பேசிய அரமேய மொழியிலும் இத்தகைய தொடர் வினையின்றி அமையக்கூடும். ஆயின், வினை இல்லாமற் போவதால் சிக்கல் தீர்ந்துவிடுமா? தீராது என்பதை நம் இலக்கண மரபே காட்டும். ஸ்விங்லியின் விளக்கம் நம் அணியிலக்கணத்தில் உருவகத்தோடு ஒப்பிடத்தக்கது. மார்பர்க்கில் அவருடன் இருந்த எக்கோலம்பாடியு, அணி ‘உடல்’ என்னும் சொல்லிலேயே உள்ளது என்றார். உடல் என்பது உடலின் அடையாளத்துக்கு ஆகிவந்தது என்னும் அவர் கருத்து நம் ஆகுபெயரை ஒத்தது. லூத்தரோ அணி எதுவும் இல்லை, அது மெய்யுரை என்றார்.

தமிழ்க் கிறித்தவரின் சொல்லாட்சியும் நோக்கத்தக்கது. கத்தோலிக்கர் ‘நற்கருணை’ என்கின்றனர். நன்றியறிதலைக் குறிக்கும் ‘யூக்கரிஸ்தியா’ எனும் கிரேக்கச் சொல்லில் நன்மை, அருள் எனும் இரு கூறுகள் உள்ளமையோடு இப்பெயர் ஒத்திருப்பது சுவையானது. சீர்திருத்தச் சபையாரிடம் ‘இராப்போசனம்’, ‘திருவிருந்து’ என்னும் பெயர்கள் வழங்குகின்றன. முன்னது அருட்கொடையையும் பின்னவை பந்தியையும் முன்னிறுத்துகின்றன. சீர்திருத்தச் சபையாரின் பழைய மொழிபெயர்ப்பில் ‘சரீரமாயிருக்கிறது’ என வினை வெளிப்படையாக இடம்பெற, இருதரப்பாரும் இணைந்து உருவாக்கிய 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பு அவ்வினையை விடுத்துள்ளது. மூலத்தின் வினையைக் காப்பதா, தமிழின் இயல்பைக் காப்பதா என்னும் சிக்கலையே இது காட்டுகிறது.

முடிவுரை

மார்பர்க்கில் தோன்றிய பிளவு முற்றிலும் ஆறாப் புண்ணாக இருந்துவிடவில்லை. 1973இல் லொயன்பெர்க் உடன்பாட்டின் வாயிலாக ஐரோப்பிய லூத்தரன், சீர்திருத்தச் சபைகள் பதினாறாம் நூற்றாண்டுக் கண்டனங்கள் இன்றைய நிலைக்குப் பொருந்தா என அறிவித்து ஒரே பந்தியில் அமர்ந்தன. அதற்கு ஏறத்தாழ 444 ஆண்டுகள் தேவைப்பட்டன. கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தச் சபையார்க்கும் இடையிலோ பொதுவான பந்தி இன்னும் அமையவில்லை.

இங்கு மற்றொன்றையும் எண்ணிப் பார்த்தல் தகும். பவுல் கொரிந்தியருக்கு எழுதியபோது, உட்பொருளைப் பற்றிய வாதம் எழவில்லை. செல்வர் முந்தி உண்ண, வறியவர் பசித்திருந்தமையே அவரைச் சினங்கொள்ளச் செய்தது. உடலை உணராமல் உண்பது குற்றம் என அவர் எச்சரித்தது அச்சூழலில்தான். தமிழகத்திலும் இதே பந்தியில் சாதி வரிசை பார்க்கப்பட்டது. 1833இல் ஆயர் டேனியல் வில்சன் அதனைத் தடைசெய்தபோது தஞ்சையில் கடும் எதிர்ப்பு எழுந்தது. அப்பத்தில் கிறிஸ்து எவ்வாறு இருக்கிறார் என்பது பற்றி அங்கே சண்டையில்லை. பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதே சிக்கலாயிற்று. எனவே, மெய்யான உடனிருப்பு என்னும் வினா அப்பத்தோடு முடிவதில்லை. அவ்வப்பத்தைப் பகிர்ந்துண்போர் ஒருவருக்கொருவர் மெய்யாக உடனிருக்கின்றனரா என்னும் வினாவும் அதனுள் அடங்கியுள்ளது. திருமண ஆலயத்தில் இருக்கையிலேயே அமர்ந்திருக்கும் அவ்வுறவினர் நமக்கு நினைவூட்டுவதும் அதுவேயாகும்.