குழவிப் பசியும் ஊட்டும் அளவும்

நற்றிணையின் 110ஆம் பாடலை வகுப்பில் நடத்தும்போது மாணவியர் முகத்தில் புன்னகை அரும்பக் காண்கிறோம். போதனார் பாடிய அப்பாடலில் தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்தி நிற்கின்றனர் செவிலியர். மற்றொரு கையில் அச்சுறுத்தச் சிறுகோல் ஒன்றும் உண்டு. சிறுமியோ காற்சிலம்பு ஒலிக்கப் பந்தலில் ஓடுகிறாள். நரைத்த கூந்தலையுடைய செவிலியர் பின்தொடர இயலாது தளர்கின்றனர். பாடலின் நோக்கம் வேறு. அன்று அவ்வாறு ஓடியவள் இன்று கணவன் இல்லத்தில் வறுமையுற்ற நிலையிலும் தந்தையின் கொழுஞ்சோற்றை நினையாது வாழ்கின்ற பண்பைச் செவிலி வியக்கின்றாள். ஆயினும் கிண்ணத்தோடு துரத்தும் அக்காட்சி ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் கடந்தும் நம் தெருக்களில் மாறாதிருக்கிறது. கோலுக்குப் பதில் கைபேசி வந்துள்ளது, அவ்வளவே.

தளவாய்புரம், செட்டியார்பட்டி, முகவூர் வட்டாரத்தில் தையல் எந்திரத்தின் ஓசை கேளாத தெரு அரிது. நைட்டி தைக்கும் பெண்டிர்க்குப் பீஸ் கணக்கில் கூலி. எழுந்து சென்று பிள்ளையைக் கவனிக்கும் ஒவ்வொரு நாழிகையும் கூலியில் குறையும். ஆதலின் ஊட்டும் பொறுப்பு பெரும்பாலும் பாட்டியிடமே வருகின்றது. “கிண்ணம் காலியானதா?” என்று மருமகள் கேட்கிறாள், காலியாக்கிக் காட்ட வேண்டுமென்று பாட்டி முனைகிறாள். அதனால் காலில் கிடத்திச் சங்கினால் புகட்டுவதும், அழும்போது வாய் திறக்கும் சமயம் பார்த்து ஊட்டுவதும் நிகழ்கின்றன. அழுகின்ற குழந்தைக்கு உணவு மூச்சுக்குழலில் புகுந்து புரையேறும் இடர் உண்டு என்பதை ஈண்டு முதற்கண் சொல்லிவிடுகின்றோம்.

“முன்பு நன்றாகத்தான் சாப்பிட்டான்; ஒரு வயது முடிந்தபின் சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறான்” என்பது தாய்மார் பலரின் குறை. இது நோயன்று, கணக்கு. பிறக்கும்போது 3 கிலோ இருந்த குழந்தை ஐந்தாறு மாதத்தில் 6 கிலோவாகவும், ஓராண்டில் 9 கிலோவாகவும் வளர்கிறது. முதலாண்டில் 6 கிலோ கூடிய அதே உடல் இரண்டாம் ஆண்டில் இரண்டு அல்லது இரண்டரைக் கிலோவே கூடும். வளர்ச்சியின் வேகம் தணிய, பசியும் அதற்கேற்பத் தணிகிறது. ஒரு வேளை மிகுதியாக உண்பதும் மறுவேளை மறுப்பதும் இப்பருவத்தின் இயல்பே.

குழந்தைக்குத் தன் அளவு தெரியுமா என்னும் வினாவை அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்னும் மருத்துவர் 1926இல் ஆராயத் தொடங்கினார். பால்குடி மறந்த குழந்தைகள் முன் முப்பதுக்கு மேற்பட்ட உணவுகள் சிறு சிறு பாத்திரங்களில் வைக்கப்பட்டன. எதையும் ஊட்டுவதில்லை, குழந்தை சுட்டியதை மட்டும் தாதியர் எடுத்துக் கொடுத்தனர். ஒவ்வொரு வேளையும் தாறுமாறாகவே உண்டன. ஆயினும் நன்கு வளர்ந்தன. எலும்பு மெலிவு நோயுற்ற ஒரு குழந்தை தன் முன்னிருந்த மீனெண்ணெயை நோய் தீரும்வரை தானே விரும்பி அருந்திற்று. இதனை மட்டும் கேட்டுவிட்டு, “பிள்ளை கேட்டதைக் கொடுப்போம்” என்று பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிப்பாருக்கு ஒன்று கூற வேண்டும். டேவிஸ் வைத்த தட்டில் இறைச்சி, முட்டை, பால், தானியம், காய், கனி ஆகியவையே இருந்தன. சர்க்கரைப் பண்டம் ஒன்றும் இல்லை. எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தை முடிவு செய்தது. என்ன வைப்பது என்பதைப் பெரியோரே முடிவு செய்தனர்.

இந்த இரண்டாம் பகுதியிலேதான் நாம் தவறுகின்றோம் என்பது எமது துணிபு. எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தையின் இரைப்பை, கிலோவுக்கு 30 மில்லி வீதம், சுமார் 240 மில்லி கொள்ளும். ஒரு பெரிய டம்ளர் அளவே. அதை நீர்த்த கஞ்சியால் நிரப்பினால் வயிறு நிறையும், உடல் நிறையாது. குழந்தை முகத்தைத் திருப்பும், “போதுமாம்” என்போம். பசியடங்கியது மெய், ஊட்டம் சேரவில்லை என்பதும் மெய். கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாது நிற்கும் அளவுக்குக் குழைவாக உணவு இருத்தல் வேண்டும். பருப்புச் சோற்றில் ஒரு தேக்கரண்டி நெய்யோ எண்ணெயோ சேர்த்தால், அளவு பெருகாமலே சுமார் 45 கலோரி கூடும். கேழ்வரகை முளைகட்டி அரைப்பதில் ஓர் அறிவியல் உண்டு. முளைவிடும் தானியத்தில் உண்டாகும் நொதி மாப்பொருளைச் சிதைப்பதால் கூழ் இறுகுவதில்லை. ஆகவே அதே கிண்ணத்தில் கூடுதல் மாவைக் கரைத்துக் காய்ச்ச இயலும். நம் பாட்டிமார் இதனைப் பெயர் தெரியாமலே செய்து வந்தனர். கடையில் வாங்கும் டப்பா மாவின் பெருமையைப் பேசும் நாம் இதனை மறந்தோம்.

ஊட்டியதை அளப்பதா, வளர்ந்ததை அளப்பதா என்னும் கேள்விக்குத் தமிழ்நாடே ஒரு விடை கண்டது. உலக வங்கியின் கடனுதவியோடு 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த சத்துணவுத் திட்டத்தையே குறிக்கின்றோம். மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முதலில் அது செயற்படுத்தப்பட்டது. 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடையிட்டு, அட்டையில் புள்ளியிட்டுக் கோடு வரைந்தனர். எல்லாக் குழந்தைகளுக்கும் உணவு வழங்கவில்லை. கோடு ஏறாமல் நின்ற குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை கொடுத்தனர். எடை ஏறியதும் நிறுத்தினர். தாயின் கண்முன்னே எடை காட்டப்பட்டதால், நொய்ந்த குழந்தை ஏன் நொய்ந்தது என்று அவளோடு பேச வழி பிறந்தது. சிலவேளை காரணம் உணவன்று, ஓயாத வயிற்றுப்போக்கு. கடுமையான ஊட்டக்குறைவு அத்திட்டப் பகுதிகளில் குறைந்தது. அதன் இரண்டாம் கட்டம் 1990களில் நடைபெற்றது. பின்னர் அப்பணி அங்கன்வாடிகளோடு இணைந்தது. அன்று தாய்மார்க்குச் சொல்லப்பட்ட செய்தி எளியது: கிண்ணத்தைப் பாராதே, தராசைப் பார்.

இனி அளவுக்கு வருவோம். 6 மாதம் நிறையும்வரை தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டா. அதன்பின் இரண்டு மூன்று மேசைக்கரண்டி அளவில் தொடங்கி, 8 மாதத்திற்குள் 250 மில்லி கிண்ணத்தில் பாதியளவு வரை, நாளைக்கு 2 அல்லது 3 வேளை. 9 மாதத்திற்குமேல் அரைக்கிண்ணம் 3 அல்லது 4 வேளை. ஓராண்டுக்குப்பின் முக்காற்கிண்ணம் முதல் முழுக்கிண்ணம் வரை. இடையே சிற்றுணவு ஒன்றிரண்டு. இவை வழிகாட்டும் அளவுகளே. நிரப்பியே தீர வேண்டிய படிகள் அல்ல. தாய்ப்பாலோடு சேர்த்து, 6 முதல் 8 மாதக் குழந்தைக்குப் பிற உணவிலிருந்து வேண்டுவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரி. 9 முதல் 11 மாதத்தில் 300. இரண்டாம் ஆண்டில் 550. தாய்ப்பாலில் இரும்புச்சத்து குறைவு. கருவில் சேர்த்துவைத்த இருப்பும் ஆறு மாதத்தில் வற்றத் தொடங்கும். ஆகவே மசித்த கீரை, பருப்பு, முட்டை, ஈரல் ஆகியவற்றைத் தள்ளிப்போடுதல் ஆகாது. “பல் முளைக்கட்டும்” என்று காத்திருப்பது வீண், ஈறே மெல்லும்.

உணவு தொடங்கியதும் பாலை நிறுத்திவிடுவாரும் உளர். திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 233ஆம் வசனம், பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோர்க்கு இரண்டு முழு ஆண்டுகளைக் குறிக்கிறது. அதற்குமுன் நிறுத்துவதாயின் பெற்றோர் இருவரும் கலந்து பேசி இசைய வேண்டும் என்கிறது. இரண்டாண்டுகள், அதற்கு மேலும் என்று உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கின்றது. மாமியார் சொல்லிலும் கடைக்காரர் விளம்பரத்திலும் முடிவாகின்ற செய்தி அன்று இது. நற்றிணைச் செவிலியின் தேனைப் பற்றியும் ஒரு சொல்: ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் தருதல் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரி அவ்வயதில் நரம்புகளைத் தாக்கும் நச்சை உண்டாக்க வல்லது. போதனாரின் சிறுமி ஓடியாடும் பருவத்தினள், அவளுக்கு அச்சமில்லை.

பசித்த குழந்தை கரண்டியை நோக்கிச் சாயும், வாய் திறக்கும், கை நீட்டும். போதுமெனில் இதழை மூடும், தலையைத் திருப்பும், கரண்டியைத் தள்ளும். கைபேசியில் படம் ஓடும்போது இவ்விரு குறிகளும் குழந்தைக்கே புலப்படுவதில்லை என்பதுதான் அதன் தீங்கு. தட்டில் தானே கையிட்டு அளைய விடலாம்; சிந்தும், பூசிக்கொள்ளும்; பொறுக்கலாம். அரைமணியில் முடியாத ஊட்டலை நிறுத்திவிட்டு அடுத்த வேளைக்குப் பார்க்கலாம். இடையில் பிஸ்கட்டும் இனிப்புப் பானமும் கொடாதிருந்தால் பசி வரும்.

பொறுக்கலாகாதவையும் உள. இரண்டு மாதம் தொடர்ந்து எடை ஏறவில்லை, விளையாட்டுக் குன்றுகிறது, வெளிறிப் போகிறது, விழுங்கும்போதெல்லாம் இருமுகிறது, பால் உட்பட எதையும் கொள்ள மறுக்கிறது என்றால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அங்கன்வாடியில் எடையிடும் நாளை விசாரித்து வைத்துக்கொண்டு, அன்று மட்டும் பாட்டியை அனுப்பாமல் தாயே செல்வது நன்று. அரைநாள் கூலி போகும். ஆனால் கோடு ஏறியதா என்பதைத் தாயே தன் கண்ணாற் காண்பாள்.