பென் டிரைவுக்குள் ஓர் அணைக்கட்டு

அணைக்கட்டிலிருந்து வேலூருக்குப் பேருந்தில் வரும் கல்லூரி மாணவரின் பையில் நோட்டுப் புத்தகத்துடன் ஒரு பென் டிரைவும் இருப்பது இன்று சாதாரணம். ஜெராக்ஸ் கடையில் ஆய்வறிக்கையை அச்செடுக்க அதுவே துணை. கட்டைவிரல் அளவுள்ள இக்கருவியில் சுழலும் தட்டு இல்லை, காந்த நாடா இல்லை, மின்கலமும் இல்லை. கணினியிலிருந்து கழற்றிய பின், மின்சாரமே இல்லாத நிலையில், பதிந்த செய்தி எவ்வாறு நிலைத்து நிற்கிறது?

விடை அவ்வூரின் பெயரிலேயே இருக்கிறது. அணை கட்டி நீரைத் தேக்குவதுபோல, பென் டிரைவின் சிலிக்கான் சில்லில் எலக்ட்ரான்கள் தேக்கப்படுகின்றன. சில்லில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும், எந்தக் கம்பியோடும் இணையாமல், மின்காப்புப் பொருளால் முற்றிலும் சூழப்பட்ட ஒரு நுண்ணிய பகுதி உண்டு. இதனை ‘மிதக்கும் வாயில்’ என்பர். 1967இல் பெல் ஆய்வுக்கூடத்தில் டாவன் காங், சைமன் சே ஆகிய இருவரும் இதை உருவாக்கினர். அங்கே எலக்ட்ரான்கள் தேங்கியிருந்தால் டிரான்சிஸ்டரில் மின்னோட்டம் தடைப்படும், அது 0. தேக்கம் இல்லையேல் 1. படமாயினும் பாட்டாயினும் கணினிக்கு இவ்விரு இலக்கங்களின் வரிசையே.

சுற்றிலும் அடைத்த அறைக்குள் எலக்ட்ரான் நுழைவது எப்படி? காப்புப் படலத்தின் தடிமன் சுமார் 8 நானோமீட்டர்தான். பென் டிரைவுக்குக் கணினி தருவது 5 வோல்ட். சில்லு அதனைத் தானே 20 வோல்ட் அளவுக்கு உயர்த்திக்கொள்கிறது. இவ்வளவு மெல்லிய படலத்தில் மின்புலத்தின் வலிமை சென்டிமீட்டருக்கு ஒரு கோடி வோல்ட்டை எட்டும். அப்போது எலக்ட்ரான்கள் சுவரைத் தாண்டாமல், அதனுள்ளேயே ஊடுருவிச் செல்கின்றன. இது குவாண்டம் ஊடுருவல். ஆல்பா சிதைவுக்கு 1928இல் காமாவ் தந்த விளக்கமும் இதுவே. பாடப்புத்தகத்தில் எட்டாத தொலைவில் இருப்பதாகத் தோன்றும் ஒரு கருத்து நம் சட்டைப்பையில் வேலை செய்கிறது!

பெருந்தொகுதியை ஒரே வீச்சில் அழிக்கும் நினைவகத்தை ஜப்பானின் டோஷிபா நிறுவனத்தில் புஜியோ மசுவோகா உருவாக்கி, 1984இல் அறிவித்தார். அழியும் வேகம் காமிராவின் பிளாஷ் ஒளியை நினைவூட்டியதால் பெயரும் ‘பிளாஷ்’ ஆயிற்று. கணினியோடு இணைக்கும் யு.எஸ்.பி. முறை 1996இல் வந்தது. அதை வகுத்த இன்டெல் குழுவில் முதன்மையானவர் பரோடாவில் பயின்ற அஜய் பட். இரண்டும் கூடிய கருவி 2000இல் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனத்திலிருந்து விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் ஐ.பி.எம். விற்றது 8 மெகாபைட் கொண்டது. இன்று நகைப்புக்குரிய அளவுதான். அன்றோ ஐந்து பிளாப்பிகளுக்கு மேல்.

எந்த அணையிலும் கசிவு உண்டு. ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் காப்புப் படலம் சிறிது பழுதாகிறது. தேங்கிய எலக்ட்ரான்கள் மெல்ல வெளியேறுகின்றன. வெப்பம் இதை விரைவுபடுத்தும். வேலூரின் கத்திரி வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் பென் டிரைவைப் போட்டு வைப்பது நல்லதன்று. இன்றைய சில்லுகள் பலவற்றில் தேக்கத்தின் அளவை 8 படிகளாகப் பிரித்து ஒரே டிரான்சிஸ்டரில் 3 இலக்கங்களைப் பதிகிறார்கள். படிகள் நெருங்கியிருப்பதால் சிறு கசிவும் பிழையாகிவிடும். எனவே திருமணப் படங்களின் ஒரே பிரதியைப் பென் டிரைவில் இட்டுப் பல ஆண்டுகள் பீரோவில் பூட்டி வைப்பதை நான் ஏற்கமாட்டேன். அது கோப்பைக் கொண்டுசெல்லும் வண்டி, களஞ்சியம் அன்று.

அவசரமாகப் பிடுங்குவதால் வரும் கேடு வேறுவகை. கோப்பு எங்கே உள்ளது என்ற அட்டவணையைக் கணினி எழுதி முடிக்கும் முன்பே கழற்றினால், செய்தி சில்லில் இருந்தும் முகவரி இருக்காது. அத்தகைய கோப்பை மென்பொருள் கொண்டு பெரும்பாலும் மீட்டுவிடலாம். கசிந்துபோன எலக்ட்ரான்களை மீட்க எந்த மென்பொருளாலும் இயலாது.